ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்கிறார்கள்: நான்கரை மாதப் பயிற்சியில் இருப்பவன் எதைப் பின்பற்றுவது?

புதுமுகம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் வயது 26, உயரம் 172 செ.மீ., எடை 64 கிலோ. உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து நான்கரை மாதங்கள் ஆகின்றன. வாரத்துக்கு நான்கு நாள்களாவது தவறாமல் போகிறேன். பெரிய காயம் எதுவும் இல்லை. தூக்கமும் சாப்பாடும் ஓரளவு ஒழுங்காகவே இருக்கின்றன. ஆனாலும் ஆறு வாரங்களாக பெஞ்ச் பிரஸ்ஸில் (பலகையில் படுத்து எடையை நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் பயிற்சி) 40 கிலோவை எட்டு முறைக்கு மேல் என்னால் தூக்க முடியவில்லை. முயற்சியில் குறை வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. எந்தத் திசையில் முயல்வது என்பதுதான் தெரியவில்லை.

சேர்ந்த புதிதில் அங்கிருந்த மாஸ்டர், வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முழு உடல் என்று ஓர் அட்டவணை எழுதிக் கொடுத்தார். வெறும் 20 கிலோ பாரில் (தட்டுகள் மாட்டாத இரும்புத் தண்டு) தொடங்கி இரண்டு மாதங்களில் 37.5 கிலோ வரை வந்தேன். பிறகு அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அடுத்து வந்தவர் என் அட்டவணையைப் பார்த்துவிட்டு, இப்படிச் செய்தால் எந்தத் தசைக்கும் முழு வேலை கிடைக்காது, நாளுக்கு ஒரு பாகமாகப் பிரித்துச் செய் என்றார். அப்படியே மாற்றினேன். ஒரு காணொளியில் நெஞ்சுக்கு 20 செட்டுகளாவது (இடையில் நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று ஒரு செட்) போட வேண்டும் என்று பார்த்து அதையும் முயன்றேன். கூடத்தில் நெடுநாளாகப் பயிற்சி செய்யும் ஒருவர், அத்தனையும் வீண் உழைப்பு, ஒரே ஒரு செட்டை இனி ஒரு ரெப்கூட (ஒரு முறை தூக்கி இறக்குவது) எடுக்க முடியாது என்ற நிலைவரை கொண்டுபோனால் போதும் என்றார். அதையும் ஒரு வாரம் செய்தேன். தூக்கும் எடையைக் குறைத்து ரெப்பைக் கூட்டினால்தான் உடலில் வெட்டு விழும், அதாவது தசைகள் தனித்தனியாகத் தெரியும் என்று வேறொருவர் சொன்னார்.

சென்ற வாரம் நடந்ததைச் சொல்கிறேன். ஸ்குவாட்டில் (பாரைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழும் பயிற்சி) இரண்டாவது செட்டை முடித்து பாரை ரேக்கில் வைத்தேன். முழங்கால் கால்விரலைத் தாண்டக் கூடாது என்று வலப்பக்கம் நின்றவர் சொன்னார். தாண்டாமல் முழு ஆழம் எப்படிப் போவது என்று இடப்பக்கம் நின்றவர் அவரை மறித்துக் கேட்டார். செட்டுக்கு நடுவில் ஒரு நிமிடத்துக்கு மேல் உட்காராதே என்று மூன்றாமவர் சொல்லிவிட்டுப் போனார். மூவருமே என்னைவிட வலுவானவர்கள், மூவருமே அக்கறையோடு சொன்னவர்கள். மூன்றாவது செட்டை எப்படிச் செய்வது என்று தெரியாமல் தட்டுகளைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இவர்களில் யார் சொல்வது சரி என்று கேட்பது என் நோக்கமன்று. ஓர் அறிவுரை காதில் விழும்போது, அது என் நிலைக்குப் பொருந்துமா என்பதை நானே எப்படித் தீர்மானிப்பது? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து வழிகாட்ட வேண்டும்.

பழைய பார்பெல் எழுதியது:

தம்பி, உங்கள் குழப்பம் முற்றிலும் நியாயமானது. நான் பார்பெல்லைத் தொட்டு 19 ஆண்டுகள் ஆகின்றன. அவற்றில் முதல் இரண்டு ஆண்டுகளை, நீங்கள் இப்போது செய்வதைப் போலவே, அட்டவணை மாற்றுவதில் கழித்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

இந்த வாக்குவாதம் உங்கள் கூடத்தில் பிறந்ததன்று. அதற்கு அரை நூற்றாண்டு வயது. உடற்கட்டுப் போட்டிகளில் உச்சமான மிஸ்டர் ஒலிம்பியா பட்டத்தை ஏழு முறை வென்ற அர்னால்டு ஷ்வார்ஸ்னெகர் 1970களில் வாரத்துக்கு ஆறு நாள், ஒவ்வொரு பாகத்துக்கும் ஏராளமான செட்டுகள் என்ற முறையில் பயிற்சி செய்தார். அதே காலத்தில் நாட்டிலஸ் என்ற உடற்பயிற்சி இயந்திரங்களை உருவாக்கிய ஆர்தர் ஜோன்ஸ், குறைவான செட்டுகளை முழுமூச்சாகச் செய்துவிட்டு மீதி நேரத்தை ஓய்வுக்கு விட வேண்டும் என்று வாதிட்டார். அவர் வழியில் மைக் மென்ட்சர் என்ற உடற்கட்டு வீரர் வந்தார். அந்தச் சிந்தனையின் தாக்கத்தில் பயிற்சி செய்த டோரியன் யேட்ஸ் 1992 முதல் 1997 வரை தொடர்ந்து ஆறு முறை அதே பட்டத்தை வென்றார். நேரெதிரான இரண்டு முறைகள் ஒரே மேடையில் முதலிடம் பிடித்திருக்கின்றன. ஒன்று மட்டுமே உண்மை, மற்றது பொய் என்றால் இது நடந்திருக்க முடியாது.

இரண்டுக்கும் பொதுவாக இருந்ததைத்தான் பார்க்க வேண்டும். ஷ்வார்ஸ்னெகர், யேட்ஸ் இருவருமே கடினமாக உழைத்தார்கள், ஆண்டுக்கணக்கில் எடையைக் கூட்டிக்கொண்டே போனார்கள், தங்கள் முறையை வாரத்துக்கு ஒருமுறை மாற்றவில்லை. இதில் இன்னொரு நுட்பம் உண்டு. யேட்ஸ் ஒரே செட் என்று சொன்னது, அதற்கு முன் உடலைத் தயார்செய்யப் போட்ட செட்டுகளைக் கணக்கில் சேர்க்காமல். பத்தாண்டுகள் தூக்கிய ஒருவரால் ஒரு செட்டுக்குள் கொட்டக்கூடிய உழைப்பை நான்கரை மாத அனுபவத்தில் இருப்பவரால் கொட்ட முடியாது. அது மனவுறுதி சார்ந்த குறை அன்று. அந்த அளவு எடையை ஒழுங்கான அசைவில் கடைசி ரெப்வரை கொண்டுபோவதே தனியாகப் பழக வேண்டிய திறமை. எனவே அந்தப் பெரியவர் உங்களிடம் சொன்னது பொய்யன்று, அவருடைய இன்றைய நிலைக்கு உரிய விடை. நீங்கள் கேட்டது உங்கள் நிலைக்கான கேள்வி.

ஜோன்ஸ் 1973இல் கொலராடோவில் நடத்திய சோதனையை இன்றும் சிலர் ஆதாரமாகக் காட்டுவார்கள். கேஸி வியேட்டர் என்ற வீரர் 28 நாளில் சுமார் 20 கிலோ உடல் எடை கூடினார் என்பது அதன் தலைப்புச் செய்தி. அவர் 1971இலேயே மிஸ்டர் அமெரிக்கா பட்டம் வென்றவர் என்பதும், சோதனைக்கு முன் விபத்தாலும் உடல்நலக் குறைவாலும் நிறைய எடை இழந்திருந்தார் என்பதும் செய்தியின் மறுபாதி. ஒருமுறை வளர்த்து இழந்த தசையைத் திரும்பப் பெறுவது, இல்லாத தசையைப் புதிதாக வளர்ப்பதைவிட விரைவாக நடக்கும். ஓர் அறிவுரையைக் கேட்கும்போது, இந்த விளைவு எங்கிருந்து தொடங்கிய உடலுக்குக் கிடைத்தது என்று கேட்கப் பழகுங்கள். இந்த ஒரு கேள்வியே பாதி குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

இனி, நீங்கள் கேட்ட சண்டைகளில் ஆய்வுகள் ஓரளவு தீர்த்துவைத்தவற்றைச் சொல்கிறேன். தசை வளர்ச்சி ஆய்வாளர் பிராட் ஷோன்ஃபெல்டும் அவருடைய குழுவினரும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியிட்ட கட்டுரையில், வாரத்துக்கு ஒரு தசைக்குச் செய்யும் செட்டுகள் கூடக்கூடத் தசை வளர்ச்சியும் கூடுவதைக் காட்டினார்கள். பத்து செட்டும் அதற்கு மேலும் செய்தவர்கள் ஐந்துக்கும் குறைவாகச் செய்தவர்களைவிட அதிகம் வளர்ந்தார்கள். ஆகவே ஒரே செட் போதும் என்பது முழு உண்மையன்று. ஆனால், குறைவான செட் செய்தவர்களும் வளர்ந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. புதியவருக்கு ஆறு முதல் பத்து செட்டுகளே தாராளம். 20 செட் என்பது, பத்து செட்டில் வளர்ச்சி நின்றுபோனவர் யோசிக்க வேண்டிய எண்.

முழு உடலா, நாளுக்கு ஒரு பாகமா என்ற கேள்விக்கு அதே குழு 2019இல் தொகுத்த கட்டுரை விடை தருகிறது: வாரத்தில் செய்யும் மொத்த செட்டுகள் சமமாக இருந்தால், அவற்றை எத்தனை நாளாகப் பிரித்தாலும் வளர்ச்சியில் பெரிய வேறுபாடு இல்லை. பின் ஏன் நான் புதியவருக்கு முழு உடல் பயிற்சியைப் பரிந்துரைக்கிறேன்? ஸ்குவாட்டும் பெஞ்ச் பிரஸ்ஸும் நீந்துவதைப் போன்ற திறமைகள். மாதத்துக்கு நான்கு முறை செய்பவரைவிடப் பன்னிரண்டு முறை செய்பவர் விரைவில் கற்றுக்கொள்வார். தொடக்க வாரங்களில் வலு கூடுவதற்குத் தசை பெருப்பதைவிட நரம்புகள் அந்தத் தசையை இயக்கக் கற்றுக்கொள்வதே முதன்மைக் காரணம் என்பது 1979இல் மொரிடானி, டிவ்ரீஸ் ஆகியோரின் ஆய்விலிருந்தே அறியப்பட்ட செய்தி. உங்கள் முதல் இரண்டு மாத முன்னேற்றத்தில் பெரும்பங்கு அதுதான். அந்தக் கற்றல் முடிவதற்குள் அட்டவணையைக் கலைத்துவிட்டீர்கள்.

வெட்டு விழுவது தூக்கும் எடையைக் குறைப்பதால் அன்று, தோலுக்கடியில் உள்ள கொழுப்பு குறைவதால். அது சாப்பாட்டில் முடிவாகும் விஷயம். எடை குறைவாக இருந்தாலும் கூடுதலாக இருந்தாலும் செட்டைக் கடினமாக்கினால் தசை ஏறத்தாழ ஒரே அளவு வளரும். வலு மட்டும் கனமான எடையில் அதிகம் கூடும். ஓய்வைப் பொறுத்தவரை, பயிற்சி பெற்ற ஆண்களிடம் 2016இல் எட்டு வாரம் நடத்தப்பட்ட ஆய்வில் ஒரு நிமிடம் ஓய்வெடுத்தவர்களைவிட மூன்று நிமிடம் ஓய்வெடுத்தவர்களே வலுவிலும் வளர்ச்சியிலும் முன்னே நின்றார்கள். பெரிய அசைவுகளுக்கு இரண்டு முதல் மூன்று நிமிடம் உட்காருங்கள். யாராவது எழுப்பினால் பணிவாக மறுத்துவிடலாம்.

ஒரு வேண்டுகோள். கடைசி ஆறு வாரத்தில் பெஞ்ச் பிரஸ்ஸில் என்ன செய்தீர்கள் என்பதை நினைவிலிருந்தாவது எழுதி இங்கே போடுங்கள். அதைப் பார்க்காமல் 40 கிலோவில் ஏன் நின்றீர்கள் என்று சொல்வது, நானும் அந்தக் கூட்டத்தில் ஆறாவது ஆளாகச் சேர்வதாகும்.

இயன்முறை எழுதியது:

நான் இயன்முறை மருத்துவராகப் பணிபுரிகிறேன். மேலே ஐயா எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. முழங்கால் பற்றி மட்டும் எழுதலாம் என்று வந்தேன்.

முழங்கால் கால்விரலைத் தாண்டக் கூடாது என்ற கட்டளை நல்லெண்ணத்தில் பிறந்தது; ஆனால் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறது. 2003இல் ஃப்ரை என்ற ஆய்வாளரும் உடனிருந்தோரும் ஏழு பேரை, முழங்கால் முன்னே போகாதபடி ஒரு பலகையை நிறுத்தியும் நிறுத்தாமலும் ஸ்குவாட் செய்யவைத்து அளந்தார்கள். பலகை இருந்தபோது முழங்காலில் விழுந்த திருப்புவிசை சுமார் 150 நியூட்டன் மீட்டரிலிருந்து 117ஆகக் குறைந்தது. ஆனால் இடுப்பில் விழுந்தது 28இலிருந்து 303ஆக ஏறியது. முழங்காலிலிருந்து எடுத்த சுமையைப் போலப் பல மடங்கு இடுப்பிலும் கீழ்முதுகுப் பகுதியிலும் ஏற்றிவிட்டார்கள் என்று பொருள். தொடை எலும்பு நீளமாக உள்ளவர் முழங்காலை முன்னே விடாமல் உட்கார முயன்றால் நெஞ்சு தொடையின் மேல் கவிழ்ந்துவிடும். குதிகால் தரையைவிட்டு எழாமல், முழங்கால் கால்விரல் நோக்கும் திசையிலேயே சென்று, உள்பக்கம் சரியாமல் இருந்தால், அது விரலைத் தாண்டுவது குற்றமன்று. ஏற்கெனவே முழங்காலில் வலி உள்ளவருக்கு மட்டும் சில காலம் அந்தத் தூரத்தைக் குறைத்துச் செய்யச் சொல்வோம். வலப்பக்கம் நின்றவருக்கு யாரோ ஒரு மருத்துவர் அப்படிச் சொல்லியிருக்கலாம். அதை அவர் எல்லாருக்குமான விதியாக எடுத்துக்கொண்டிருக்கலாம். என்னிடம் வருபவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன்: ஒருவருக்கு எழுதிய மருந்துச் சீட்டு கைமாறிக் கைமாறிப் பொதுவிதியாகிவிடுகிறது.

தசைவலிக்கும் காயத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் தெரிந்துகொள்ளுங்கள். புதிய பயிற்சிக்கு மறுநாளோ மூன்றாம் நாளோ தசை முழுவதும் பரவலாக, அழுத்தினால் நோகும் வலி வந்தால், அது ஓரிரு நாளில் தணியும். அதே பயிற்சியை மீண்டும் செய்தால் அடுத்த முறை வலி குறையும். வலி இல்லாததால் பயிற்சி வேலைசெய்யவில்லை என்று நினைத்து அட்டவணையை மாற்றுபவர்கள் பலர். உண்மையில் உடல் பழகியதன் அடையாளம் அது. மாறாக, மூட்டில் ஒரே புள்ளியில் குத்துவது, இரவில் எழுப்புவது, வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போவது ஆகியவை இருந்தால் இணையத்தில் கேட்காமல் நேரில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மற்றவர்களோடு ஒப்பிட்டு ஒரு முறையின் தரத்தை முடிவுசெய்யாதீர்கள் என்பதற்கும் ஓர் ஆய்வுச் சான்று உண்டு. 2005இல் வெளியான ஆய்வொன்றில் 585 பேர் 12 வாரம் ஒரு கைக்கு மட்டும் ஒரே விதமான பயிற்சியைச் செய்தார்கள். முன்கையை மடக்கும் தசையின் அளவு ஒருவருக்கு 59 சதவீதம் கூடியது. இன்னொருவருக்கு 2 சதவீதம் குறைந்தது. ஒரே அட்டவணை, ஒரே கால அளவு. முதலாமவர் தன் முறையை உலகத்துக்கே பரிந்துரைப்பார், அதில் அவர் மனமறிந்து பொய் சொல்லவுமில்லை.

மூன்றாம் ஆண்டு எழுதியது:

நான் பயிற்சிக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகப்போகின்றன. பழைய பார்பெல் ஐயாவிடம் ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். இந்தச் சகோதரர் வாரத்துக்கு நான்கு நாள் விரும்பிப் போகிறார். அவரை மூன்று நாள் முழு உடல் பயிற்சிக்குத் திருப்பினால் நான்காம் நாள் சும்மா இருக்க மாட்டார். மீண்டும் யாராவது சொன்ன எதையாவது செய்வார். எனக்கு நடந்தது அதுதான். மேலுடல் இரண்டு நாள், கீழுடல் இரண்டு நாள் என்று பிரித்துக்கொண்ட பிறகே நான் ஓர் அட்டவணையில் நிலைத்தேன். ஒவ்வொரு அசைவும் வாரத்துக்கு இரண்டு முறை வந்துவிடுகிறது, கற்றலுக்கும் குறைவில்லை. ஐயா சொல்லும் மூன்று நாள் முறை நல்ல முறைதான். ஆனால் ஒருவர் ஆறு மாதம் விடாமல் செய்யக்கூடிய சுமாரான திட்டம், மூன்றாவது வாரத்தில் கைவிடும் சிறந்த திட்டத்தைவிட அவருக்குப் பயன் தரும்.

சகோதரர் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். என்னைவிட வலுவானவர்கள் என்று மூன்று பேரைக் குறிப்பிட்டார். உடலைப் பார்த்து அறிவுரையை எடைபோடும் பழக்கம் எனக்கும் இருந்தது. 1996இல் பாசின் என்ற ஆய்வாளரும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகு அதை விட்டேன். அந்தப் பத்து வாரச் சோதனையில், பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கிய உடல் எடை சுமார் 2 கிலோ கூடியது. வாரத்துக்கு 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி போட்டுக்கொண்டு பயிற்சியே செய்யாதவர்களுக்கு 3 கிலோவுக்கு மேல் கூடியது. ஊசியும் பயிற்சியும் சேர்ந்தவர்களுக்கு 6 கிலோ. எழுந்து நடமாடுவதைத் தவிர எதுவும் செய்யாத ஒருவர், உழைத்த ஒருவரைவிட அதிகம் வளர்ந்திருக்கிறார்! காணொளியில் தோன்றும் உடல்களில் எது எப்படி வந்தது என்று நமக்குத் தெரியாது. யாரையும் குற்றம் சொல்வதும் என் நோக்கமன்று. ஆனால் அந்த உடலை அவருடைய செட் எண்ணிக்கைக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ள இடமில்லை. விரைவாக வளர வழி இருக்கிறது என்று யாராவது அந்த ஊசியையோ மாத்திரையையோ நீட்டினால், தயவுசெய்து விலகிப் போய்விடுங்கள். இதயத்தையும் உடலின் சொந்த ஹார்மோன் சுரப்பையும் பாதிக்கக்கூடிய பொருள் அது. 40 கிலோவில் நிற்பது அதற்கான நோயன்று.

புதுமுகம் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இத்தனை அக்கறையான விடைகளை நான் எதிர்பார்க்கவில்லை. ஐயா கேட்டபடி, கைப்பேசியில் அங்கங்கே குறித்து வைத்ததிலிருந்து தொகுத்திருக்கிறேன்.

முதல் வாரம்: 40 கிலோ, மூன்று செட், ரெப் 8, 7, 5. இரண்டாம் வாரம்: நெஞ்சுக்கு 20 செட் முறை, பெஞ்ச் பிரஸ்ஸை மூன்றாவது பயிற்சியாகச் செய்தேன், 40 கிலோ, 7, 6, 5. மூன்றாம் வாரம்: ஒரே செட், 40 கிலோ, 8, ஒன்பதாவதில் பார் நெஞ்சின் மேல் நின்றுவிட்டது, ஒருவர் வந்து தூக்கிவிட்டார். நான்காம் வாரம்: 45 கிலோ முயன்றேன், 3 ரெப், மூன்றாவதும் பிறர் உதவியோடு. ஐந்தாம் வாரம்: 25 கிலோ, 20 ரெப், நான்கு செட். ஆறாம் வாரம்: மீண்டும் 40 கிலோ, 8, 8, 6.

எல்லா வாரமும் பெஞ்ச் பிரஸ் ஒரே ஒரு நாள்தான் வந்தது.

பழைய பார்பெல் எழுதியது:

தம்பி, முதல் வாரத்தையும் ஆறாம் வாரத்தையும் மட்டும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முன்பு 8, 7, 5. மொத்தம் 20 ரெப். இப்போது 8, 8, 6, மொத்தம் 22. ஒரே எடை, ஒரே செட் எண்ணிக்கை. நீங்கள் நின்றுபோகவில்லை! இத்தனை அலைச்சலுக்கு நடுவிலும் முன்னே வந்திருக்கிறீர்கள். முதல் செட்டின் எட்டை மட்டும் பார்த்து, எதுவும் நகரவில்லை என்று நினைத்துவிட்டீர்கள். இடையில் இருக்கும் நான்கு வாரங்களில் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடவே முடியாது. எடை வேறு, செட் வேறு, வரிசை வேறு. எந்த அறிவுரை உதவியது, எது கெடுத்தது என்று அந்தக் குறிப்பிலிருந்து யாராலும் சொல்ல இயலாது. நீங்கள் ஐந்து முறைகளையும் முயன்று பார்த்ததாக எழுதினீர்கள். என் கணக்கில் ஒன்றைக்கூட முயன்று பார்க்கவில்லை.

40இலிருந்து 45க்குத் தாவியதைப் பாருங்கள். அது 12.5 சதவீத உயர்வு. குறித்த ரெப்பைவிட ஒன்றோ இரண்டோ கூடுதலாகச் செய்ய முடிந்த பிறகு 2 முதல் 10 சதவீதம் வரை எடையைக் கூட்டலாம் என்று அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2009இல் வழிகாட்டியது. பக்கத்துக்கு 1.25 கிலோ தட்டு ஒன்றைச் சேர்த்தால் 42.5, உயர்வு ஆறேகால் சதவீதம். அந்தச் சிறிய தட்டுகள் பெரும்பாலும் ரேக்கின் அடியில் யாரும் தொடாமல் தூசி படிந்து கிடக்கும். தேடி எடுத்து வையுங்கள்.

மூன்றாம் ஆண்டு என்ற பெயரில் தங்கை எழுதிய மாறுபாட்டை நான் ஏற்கிறேன். நீங்கள் நான்கு நாள் போகிறவர் என்பதை நான் போதுமான அளவு யோசிக்கவில்லை. மேலுடல், கீழுடல் என்றே பிரித்துக்கொள்ளுங்கள். மேலுடல் நாள் இரண்டிலும் முதல் பயிற்சியாக பெஞ்ச் பிரஸ், மூன்று செட், ஒவ்வொன்றிலும் 6 முதல் 10 ரெப். இன்னும் ஒன்றிரண்டு ரெப் எடுக்கலாம் என்ற நிலையில் பாரை வையுங்கள். முழுதும் முடியாமல் போகும் இடம்வரை ஒவ்வொரு செட்டையும் கொண்டுபோகத் தேவையில்லை என்பதே ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களின் முடிவும். பார் நெஞ்சில் சிக்கிய அந்த நாளைப் போன்ற ஆபத்தும் வராது. அடுத்து ரோயிங் (எடையை உடலை நோக்கி இழுப்பது), பிறகு தோளுக்கு ஒன்று, லாட் புல்டவுன் (தலைக்கு மேலிருந்து கீழே இழுப்பது) ஒன்று. மூன்று செட்டிலும் பத்து பத்தாக வந்த அன்று எடையை 2.5 கிலோ கூட்டுங்கள். கூட்டியபின் ரெப் ஏழாகக் குறையும். அது சறுக்கல் அன்று, அங்கிருந்து மீண்டும் பத்துக்கு ஏறுவதுதான் முறை. ஸ்குவாட்டையும் இப்படியே நடத்துங்கள்.

புரதம் நாளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் இருக்கட்டும். உங்களுக்கு நூறு கிராமுக்குச் சற்று மேல் வரும். 2018இல் 49 ஆய்வுகளைத் தொகுத்தபோது, சராசரியாக அந்த அளவுக்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை. உடல் எடையையும் வாரத்துக்கு ஒருமுறை குறியுங்கள். 64 கிலோவிலேயே மூன்று மாதம் நின்றால், அட்டவணையைத் தொடாமல் சாப்பாட்டைக் கூட்டுங்கள்.

கைப்பேசியில் அங்கங்கே குறிப்பதை விட்டுவிட்டு ஒரு சிறிய நோட்டு வாங்குங்கள். தேதி, எடை, ஒவ்வொரு செட்டின் ரெப், எத்தனை ரெப் மிச்சம் வைத்தீர்கள் என்பது, இவ்வளவு போதும். 12 வாரம் இதில் எதையும் மாற்றாதீர்கள். மூட்டில் வலி வந்தால் மட்டும் விதிவிலக்கு. இடையில் யார் என்ன சொன்னாலும் மறுத்துப் பேச வேண்டாம், நன்றி சொல்லி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வாரம் முடிந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றை மட்டும் எடுத்து, மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, ஆறு வாரம் செய்து பாருங்கள். அப்போது அந்த அறிவுரை உங்களுக்கு ஆகுமா ஆகாதா என்று உங்கள் எண்களே காட்டும். நானோ வேறு யாருமோ சொல்லத் தேவையிருக்காது.

புதுமுகம் எழுதியது:

ஐயா, அக்கா, மருத்துவர் ஆகிய மூவருக்கும் மீண்டும் வணக்கம். பன்னிரண்டு வாரம் நேற்றோடு முடிந்தது. இரண்டு நாள் காய்ச்சலால் போகவில்லை. மற்றபடி அட்டவணை மாறவில்லை.

நேற்றைய பெஞ்ச் பிரஸ்: 47.5 கிலோ, 9, 8, 7. ஏழாவது வாரத்திலிருந்து 45 கிலோவில் மூன்று முறை தொடர்ந்து 8, 7, 7 என்றே வந்தது. அப்போது பழைய பதற்றம் திரும்பியது உண்மை. நோட்டைப் புரட்டி முதல் வாரத்தைப் பார்த்தேன், தொடர்ந்தேன், நான்காவது முறை 9, 8, 7 வந்தது. ஸ்குவாட்டில் குதிகால் தரையில் இருக்கிறதா என்று மட்டும் கவனிக்கிறேன். முழங்காலில் எந்தத் தொல்லையும் இல்லை. உடல் எடை 66 கிலோ.

கடைசிப் பக்கத்தில் பதினான்கு அறிவுரைகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் இரண்டு ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை, இரண்டையும் சொன்னவர் ஒருவரே. நடுவில் ஐந்து வார இடைவெளி. அடுத்த ஆறு வாரத்துக்கு, சாய்ந்த பெஞ்சில் டம்பெல் பிரஸ்ஸை மேலுடல் நாள் ஒவ்வொன்றிலும் இரண்டு செட் சேர்க்கச் சொன்னதைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். வாரத்துக்கு நெஞ்சுக்கு இப்போதுள்ள ஆறு செட், அதனால் பத்து ஆகும். வேறு எதையும் மாற்றவில்லை. திங்கட்கிழமை தொடங்குகிறேன்.